டாலர் நோட்டில் கடவுள் எப்போது வந்தார்? அமெரிக்காவின் தொடக்கமும் கிறிஸ்தவமும்

கேள்வி: “அமெரிக்காவை நிறுவியதே கிறிஸ்தவம்தான் என்று ஓர் அணி, மதத்தை ஒதுக்கிவைத்தவர்கள் நிறுவிய நாடு என்று எதிரணி. எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் இதுதான் தலைப்பு. டாலர் நோட்டிலேயே கடவுள் பெயர் அச்சாகியிருக்கிறதே, பிறகென்ன சந்தேகம்? எது சரி என்று ஆதாரத்தோடு சொல்ல முடியுமா?” சேலத்தில் வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த டாலர் நோட்டை எடுத்து ஓரமாக வையுங்கள். “கடவுளை நம்புகிறோம்” என்ற வரி 1864இல் இரண்டு சென்ட் நாணயத்தில் ஏறியது. காகித நோட்டில் ஏறியது 1957இல்தான். அரசியல் சட்டத்தை எழுதிய கை எதுவும் அந்த வரி உள்ள நோட்டைத் தொட்டதில்லை. அதைத் தொடக்கத்துக்குச் சான்றாகக் காட்டினால், எதிரணியில் தேதி தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

இந்தச் சண்டை தீராமல் இழுபடக் காரணம், “நிறுவுதல்” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று காலங்களைத் திணிப்பது. 1607 முதல் 1776 வரை குடியேற்றங்களின் காலம். 1776 முதல் 1791 வரை ஆவணங்களின் காலம். 1860களிலும் 1950களிலும் நடந்தது அடையாளம் பூசிய காலம். முதல் காலத்தில் கிறிஸ்தவம் ஆட்சிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. இரண்டாம் காலத்தில் மத்திய அரசின் வாசலுக்கு வெளியே அதைத் தெரிந்தே நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தச் சொல்லித் தெருவில் கையெழுத்து வாங்கியவர்களில் பெரும் பங்கு பக்தியில் ஊறிய பாப்டிஸ்டுகள், அதாவது குழந்தைக்கு அல்ல, நம்பி வருபவருக்கே ஞானஸ்நானம் என்ற புராட்டஸ்டண்டுப் பிரிவினர். பட்டிமன்றத்தில் இரு அணியும் இவர்களை மறந்துவிடும் என்று பந்தயமே கட்டலாம்.

சேலத்திலிருந்து கேட்டிருப்பதால் இன்னொரு சேலத்திலிருந்தே தொடங்குகிறேன். பாஸ்டனுக்கு வடக்கே, மாசசூசெட்ஸ் கடலோரத்தில் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு ஊருக்கும் எழுத்து ஒன்றுதான். பெயர் ஒற்றுமை தற்செயல். நம் ஊர்ப் பெயரைச் சைலம் என்ற மலைச்சொல்லோடும் சேரரோடும் இணைத்துச் சொல்வார்கள். அவர்களுடையது வேதாகமத்திலிருந்து எடுத்தது. ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் மெல்கிசேதேக்கு ஆண்ட ஊர். தமிழ் வேதாகமத்தில் அது “சாலேம்”. குழப்பம் வராமலிருக்க நானும் அந்த அமெரிக்க ஊரைச் சாலேம் என்றே எழுதுகிறேன்.

பெயர்தான் தற்செயல், உறவு ஒன்று நிஜமாகவே உண்டு. 1827இல் ஹென்றி கிரிஸ்ப் நம் சேலத்தில் தொடங்கிய எல்.எம்.எஸ்., அதாவது லண்டன் மிஷன், பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினருடையது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும், மேலே பிஷப் கிடையாது என்பது அந்த மரபின் அடிப்படை. 1629இல் சாலேமில் சபை தொடங்கிய, இங்கிலாந்துச் சபையைத் தூய்மைப்படுத்தக் கோரிய பியூரிட்டன்களும் இதே மரபின் கிளைதான். இங்கிலாந்தில் இந்த மரபினர் அரசுச் சபைக்கு வெளியே நின்றவர்கள். அவர்களைச் சேர்ந்த பலருக்கு நெடுங்காலம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டம்கூட எட்டாமல் இருந்தது. ஏற்காட்டின் திரித்துவ ஆலயம் போன்றவை எழுந்தது அரசுச் சபையான ஆங்கிலிக்கன் மரபில். 27 செப்டம்பர் 1947 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உருவானபோது இந்த இரண்டு மரபும் ஒரே கூரைக்குள் வந்ததால், அந்தப் பழைய பிளவு இன்று நம் ஊரில் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. அமெரிக்கக் கதைக்கு அந்தப் பிளவுதான் அச்சாணி.

அரசுச் சபை என்றால் நடைமுறையில் என்ன? போதகரின் சம்பளம் பொது வரியிலிருந்து வரும். அந்தச் சபையில் இல்லாதவரும் அந்த வரியைக் கட்ட வேண்டும். சில இடங்களில் பதவியும் வாக்கும் அந்தச் சபையாருக்கே. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நம் நாட்டிலும் ஆங்கிலிக்கன் சாப்ளின்களுக்கு (அரசுப் பணியில் இருந்த போதகர்களுக்கு) இந்திய வருவாயிலிருந்தே சம்பளம் போனது. நெல்லுக்கு வரி கட்டிய சேலத்து விவசாயி அதற்கும் சேர்த்தே கட்டினார். இந்த ஏற்பாடு அமெரிக்காவில் எப்படி வளர்ந்தது, எப்படி உடைந்தது என்பதுதான் உங்கள் தலைப்பின் சதைப்பகுதி.

1626இல் ரோஜர் கோனன்ட்டுடன் வந்த சிறு கூட்டம் நௌம்கீக் என்ற பழங்குடிப் பெயருள்ள இடத்தில் தங்கியது. 1629இல் அதற்குச் சாலேம் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு கூடியிருந்த விசுவாசிகள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதி, வாக்கெடுத்து, சாமுவேல் ஸ்கெல்டனைப் போதகராகவும் பிரான்சிஸ் ஹிக்கின்சனை உபதேசகராகவும் அமர்த்தினார்கள். 1631 முதல் மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் சபை உறுப்பினரான ஆணுக்கே வாக்கு. உறுப்பினராவது ஞானஸ்நானத்தோடு முடிகிற காரியமில்லை. தேவ கிருபை தன்னைத் தொட்டது எப்படி என்று சபையின் முன் விவரித்து, அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வரி மட்டும் எல்லாருக்கும் பொது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இதைக் “குருமார் ஆட்சி” என்று சொல்வது. போதகர்கள் அரசுப் பதவி வகிக்கவில்லை. திருமணத்தை நடத்திவைத்ததுகூட மாஜிஸ்திரேட்தான், கோயிலில் அல்ல. இரண்டு அலுவலகம், ஒரே நம்பிக்கை என்று சொன்னால் சரியாக இருக்கும். சாலேம் சூனிய வழக்கு பற்றிப் பேசினாலும் கவனம் தேவை. 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைப் பாறாங்கற்களை மேலே ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். யாரையும் எரிக்கவில்லை. தீர்ப்பளித்தது ஆளுநர் அமைத்த அரசு நீதிமன்றம், சபை அல்ல.

இந்த ஏற்பாட்டை முதலில் உள்ளிருந்தே குத்தியவர் சாலேம் சபையின் போதகர் ரோஜர் வில்லியம்ஸ். பத்துக் கட்டளைகளில் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள முதல் பகுதியை அமல்படுத்த அரசு அதிகாரிக்கு உரிமை இல்லை என்றார். பழங்குடியினரின் நிலத்தை எடுத்துக் கொடுக்க இங்கிலாந்து அரசருக்கு ஏது உரிமை என்றும் கேட்டார். 1635 அக்டோபரில் நாடுகடத்தும் தீர்ப்பு வந்தது. 1636இல் அவர் நாரகான்செட் மக்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் ஊரைத் தொடங்கினார். சபை என்னும் தோட்டத்துக்கும் உலகம் என்னும் காட்டுக்கும் நடுவே உள்ள சுவர் என்ற உருவகம் 1644இல் அவர் எழுத்தில் இருக்கிறது. அந்தச் சுவர் தோட்டத்தைக் காப்பதற்காக என்பதைக் கவனியுங்கள். காட்டு மாடு உள்ளே வந்து மேயும் என்பதுதான் அவர் பயம்.

மற்ற குடியேற்றங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1776 வாக்கில் 13 குடியேற்றங்களில் 9இல் ஏதோ ஒரு வடிவில் அரசுச் சபை இருந்தது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயரில் காங்கிரிகேஷனல். வர்ஜீனியா, மேரிலாண்டு, இரு கரோலினாக்கள், ஜார்ஜியா, நியூயார்க்கின் நான்கு கவுண்டிகளில் ஆங்கிலிக்கன். ரோட் ஐலண்டு, பென்சில்வேனியா, டெலவேர், நியூ ஜெர்சியில் கிடையாது. மேரிலாண்டின் 1649 சகிப்புச் சட்டத்தைச் சிலர் மதச் சுதந்திரத்தின் விதை என்று புகழ்வார்கள். அது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சகிப்பு. திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, மறுப்பவருக்கு மரண தண்டனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே முதல் அணி “குடியேற்றங்கள் கிறிஸ்தவ அரசுகளாகவே தொடங்கின” என்று சொன்னால் பெரும்பாலும் சரி. அங்கே நிறுத்திக்கொள்ளாமல் 1787க்கு ஒரே தாவாகத் தாவும்போதுதான் கால் வழுக்குகிறது.

நடுவில் என்ன நடந்தது என்பதற்கு மாசசூசெட்ஸ் வரி ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1780ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்தின் முதல் பகுதி, மூன்றாம் பிரிவு: ஒவ்வொரு ஊரும் தன் செலவில் புராட்டஸ்டண்டு போதகரை வைத்துக்கொள்ள வேண்டும். வேறு சபையைச் சேர்ந்தவர் தான் கட்டும் வரியைத் தன் போதகருக்கே தரும்படி கேட்கலாம். கேட்பதற்குச் சில இடங்களில் சான்றிதழ் வேண்டும்: இவர் எங்கள் சபைக்குத் தவறாமல் வருகிறவர், மனச்சாட்சிப்படி பாப்டிஸ்ட் என்று சபை மூப்பர்கள் கையெழுத்திட்டது. ஊர் அலுவலர் அதை ஏற்காமல் விடலாம். ஏற்றாலும் பணம் முதலில் ஊர்க் கருவூலத்துக்குப் போய்த்தான் திரும்பும்; சில சமயம் வழக்குப் போட்டுத்தான் திரும்பும். கட்டாவிட்டால் ஜப்தி. இந்தச் சட்டத்துக்கு முன்பே, 1770இல், ஆஷ்ஃபீல்டு என்ற ஊரில் பாப்டிஸ்டுகளின் ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை இந்த வரிக்காக ஏலம் விட்டார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று தாலுகா அலுவலகம் ஏறி இறங்கிய குடும்பத்துக்கு அந்தப் பாப்டிஸ்டுகளின் கடுப்பு நன்றாகவே புரியும். ஐசக் பாக்கஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1773இல் சான்றிதழே கொடுக்காதீர்கள் என்று தம் மக்களிடம் சொன்னார். சான்றிதழ் கேட்பதே கடவுளுக்குரிய இடத்தில் அரசு உட்காருவது என்பது அவர் வாதம்.

இந்த ஏற்பாடு கடைசியில் யாரால் உடைந்தது தெரியுமா? அதனால் பயனடைந்தவர்களாலேயே. வரி கட்டுகிற எல்லாரும் போதகர் தேர்வில் வாக்களிக்கலாம் என்பதுதான் உள்ளே இருந்த ஓட்டை. டெடம் என்ற ஊரில் வரி கட்டுவோரில் பெரும்பான்மை, திரித்துவத்தை ஏற்காத தாராளப் போக்குப் போதகரைத் தேர்ந்தெடுத்தது. பழைய நம்பிக்கையில் நின்ற சபை உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். சபைச் சொத்து யாருக்கு என்று வழக்கு. 1820இல் மாநில உயர் நீதிமன்றம், சொத்து ஊர்ப் பங்கோடு, அதாவது வரி கட்டும் ஊராரோடு, தங்கிய சபையாருக்கே என்றது. இப்படிப் பல ஊர்களில் பழைய நம்பிக்கையாளர் கட்டடத்தையும் பணத்தையும் இழந்து நின்றார்கள். அரசு வரி தங்கள் கையில் இருக்கும்வரை அது தேவனுடைய ஏற்பாடு, எதிராளி கைக்குப் போனதும் அநியாயம்! 1833இல் மாசசூசெட்ஸ் அந்தப் பிரிவை நீக்கியது. அமெரிக்காவின் கடைசி அரசுச் சபை அதுதான். கனெக்டிகட் 1818இலும் நியூ ஹாம்ப்ஷயர் 1819இலும் விட்டிருந்தன.

வர்ஜீனியாவில் கதை வேறு வேகத்தில் போனது. அங்கே புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் அனுமதியில்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்டுகளைச் சிறையில் போட்டார்கள், சிலரைச் சவுக்கால் அடித்தார்கள். 1784இல் வர்ஜீனியாத் தலைவர் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை ஆதரித்துக் கொண்டுவந்தார்: கிறிஸ்தவப் போதகர்களுக்காகப் பொது வரி, எந்தச் சபைக்குத் தன் பங்கு போக வேண்டும் என்று வரி கட்டுபவரே குறிப்பிடலாம். பார்த்தால் நியாயமாகவே தெரியும். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசன் 1785இல் இதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவத்தை மற்ற மதங்களுக்கு மேலே வைக்க அதிகாரம் உள்ள அரசு, நாளைக்கு ஒரு கிறிஸ்தவப் பிரிவை மற்றப் பிரிவுகளுக்கு மேலே வைக்கலாமே என்பது அதன் கூர்மையான கேள்வி. மேடிசன் விண்ணப்பத்தில் விழுந்த கையெழுத்து 1,500க்குச் சற்று மேல். அதே சமயம் சுற்றிவந்த வேறொரு விண்ணப்பம், இந்த வரி சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதம் என்று சொன்னது. அதில் ஏறத்தாழ 4,900 கையெழுத்து. பெரிய பெயர் மேடிசனுக்கு, பெரிய எண்ணிக்கை சபை மக்களுக்கு.

ஹென்றியின் மசோதா செத்தது. அந்த இடைவெளியில், பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1777இலேயே எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது. அதன் முன்னுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் வந்ததாகவும், பெரும்பான்மை அதைத் தள்ளியதாகவும் ஜெஃபர்சன் தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். யூதர், கிறிஸ்தவர், முகம்மதியர், இந்து என எல்லாரையும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவரவே தள்ளினார்கள் என்றும் எழுதுகிறார். இந்து என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பது நம்மூர் மேடையில் கைதட்டல் வாங்கும். ஆனால் அது சட்டத்தின் வாசகம் அல்ல, ஜெஃபர்சனின் விளக்கம், பிரித்துச் சொல்லுங்கள்.

இனி மத்திய ஆவணங்கள். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கடவுளைச் சுட்டும் இடங்கள் நான்கு: இயற்கையின் கடவுள், படைத்தவர், உலகின் உன்னத நீதிபதி, தெய்வப் பராமரிப்பு. இயேசு இல்லை, வேதாகமம் இல்லை. ஒரு பாப்டிஸ்டும் கையெழுத்திடலாம். கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு அதன் போக்கில் தலையிடாமல் இருக்கிறார் என்று நம்பிய டீயிஸ்டும் கையெழுத்திடலாம். அப்படி அமைந்த மொழி அது. 1787 அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லை. கடைசியில் தேதி எழுதும்போது “நம் ஆண்டவரின் ஆண்டு” என்று வருகிறது. அந்நாளில் கடன் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதினார்கள். சட்டத்தின் உடலில் மதம் என்ற பேச்சு ஒரே ஒரு முறை வருகிறது: ஆறாம் பிரிவில், எந்த மத்தியப் பதவிக்கும் மதச் சோதனை ஒருபோதும் தகுதியாகக் கேட்கப்படக் கூடாது என்ற இடத்தில். ஜனாதிபதியின் உறுதிமொழி வாசகம் இரண்டாம் பிரிவில் அப்படியே கொடுக்கப்பட்டிருக்கிறது. “கடவுளே உதவி செய்யும்” என்ற சொல் அதில் கிடையாது, வழக்கத்தில் சேர்ந்தது. அந்த மாநாட்டில் 28 ஜூன் 1787 அன்று, தினமும் ஜெபத்தோடு தொடங்கலாம் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் கேட்டார். அது நிறைவேறவில்லை. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்களுக்கு ஜெபம் தேவையாகத் தோன்றவில்லை என்று பிராங்க்ளினே குறித்துவைத்திருக்கிறார்.

1791இல் வந்த முதல் திருத்தம் மதத்தை நிறுவும் சட்டத்தையும், மதத்தைத் தடுக்கும் சட்டத்தையும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றக் கூடாது என்கிறது. (இது முதலாவதாக இருப்பதைப் பெரிய அடையாளமாகப் பேசுவார்கள். மாநிலங்களுக்கு அனுப்பிய பன்னிரண்டில் இது மூன்றாவது. முதல் இரண்டும் அப்போது தேறாததால் மேலே வந்தது.) முதல் அணிக்கு இங்கே ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள்: தடை காங்கிரசுக்கு மட்டும். மாநிலங்கள் தங்கள் சபைகளையும் மதச் சோதனைகளையும் வைத்துக்கொண்டன. டெலவேரின் 1776 சட்டம் பதவிக்கு வருபவரிடம் திரித்துவ நம்பிக்கையை அறிக்கையிடச் சொன்னது. முதல் திருத்தத்தின் மதப் பகுதி மாநிலங்களையும் கட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1940இலும் 1947இலும்தான். முதல் காங்கிரஸ் 1789இலேயே சாப்ளின்களை அமர்த்தியது, ஜார்ஜ் வாஷிங்டன் நன்றி நாள் அறிவித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மதமற்ற நாடு என்று சொல்லும் எதிரணி இந்த நான்கையும் விழுங்க முடியாமல் திணறும்.

எதிரணியின் செல்லப் பிள்ளை, வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியோடு அமெரிக்கா செய்த ஒப்பந்தம். 1797இல் அமெரிக்க மேலவையான செனட் ஒருமனதாக ஏற்றது. அதன் 11ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எந்த விதத்திலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்று நேரடியாகவே சொல்கிறது. வலுவான சான்றுதான், ஆனால் மூன்று இடத்தில் தடுமாறுவார்கள். வாஷிங்டன் சொன்னார் என்று மேற்கோள் காட்டுவது தவறு. கையெழுத்திட்டு அறிவித்தவர் ஜான் ஆடம்ஸ். ஒப்பந்தத்தின் அரபுப் படியில் அந்தப் பிரிவே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. செனட் வாசித்து ஏற்றது ஆங்கிலப் படியை என்பதால் அமெரிக்க நிலைப்பாட்டுக்கு அது சான்றாகவே நிற்கும். மூன்றாவது, அது முஸ்லிம் ஆட்சியாளரிடம் மதப் பகை இல்லை என்று உறுதி தர எழுதிய வரி. 1805இல் வந்த அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இல்லை. இந்த மூன்றையும் நீங்களே முதலில் சொல்லிவிட்டால் எதிர்ப்பக்கத்துக்குப் பிடிக்க வால் இருக்காது.

தலைவர்களின் சொந்த நம்பிக்கையில் அதிக நேரம் செலவிடாதீர்கள். ஜெஃபர்சன் கத்தியால் சுவிசேஷங்களை வெட்டி, அற்புதங்களை விட்டுவிட்டு, போதனைகளை மட்டும் ஒட்டித் தமக்கென ஒரு தொகுப்பு செய்துகொண்டார். ஜான் விதர்ஸ்பூன் பிரஸ்பிட்டேரியன் போதகராக இருந்தபடியே பிரகடனத்தில் கையெழுத்திட்டார். சாமுவேல் ஆடம்ஸ் உறுதியான காங்கிரிகேஷனலிஸ்ட். சார்லஸ் கரோல் மட்டும் கத்தோலிக்கர். ஆளுக்கொரு பெயரை எடுத்து வீசிக்கொண்டிருந்தால் நடுவர் மணியடிக்கும்வரை அது ஓயாது. எழுதினவர் என்ன நம்பினார் என்பதைவிட, கையெழுத்திட்ட தாளில் எதை விட்டார் என்பதே சட்டத்துக்குக் கணக்கு.

மூன்றாம் காலத்துக்கு வருவோம். சட்டத்தில் கடவுள் இல்லை என்பது அக்காலக் கிறிஸ்தவர்களுக்கே நன்றாகத் தெரியும். 1861இல் தென் மாநிலங்கள் பிரிந்து போய் எழுதிய தங்கள் அரசியல் சட்டத்தின் முகப்புரையில் சர்வ வல்லமையுள்ள கடவுளை வேண்டிக்கொண்டன. பழைய சட்டத்தில் இல்லாததைத்தான் சேர்த்தார்கள், அடிமை முறையையும் அதே சட்டத்தில் காத்தார்கள். வடக்கிலோ, உள்நாட்டுப் போர் என்பதே அந்த விடுபாட்டுக்கான தண்டனை என்று ஒரு சாரார் நினைத்தார்கள். கிறிஸ்துவின் பெயரை முகப்புரையில் சேர்க்கக் கோரித் தேசிய சீர்திருத்தச் சங்கம் 1864இல் ஆபிரகாம் லிங்கன்வரை போனது. திருத்தம் வரவில்லை. நாணயத்தில் “கடவுளை நம்புகிறோம்” என்ற வாசகம் வந்தது.

1892இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் புரூவர் “இது கிறிஸ்தவ நாடு” என்று எழுதினார். முதல் அணி இதை நிச்சயம் கொண்டுவரும். வழக்கின் பெயர் திரித்துவ ஆலயம் எதிர் அமெரிக்கா. ஏற்காட்டு ஆலயத்தின் பெயரே. விஷயம் மிகச் சின்னது: வெளிநாட்டுக் கூலியாட்களை ஒப்பந்தத்தில் கொண்டுவரக் கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டம், நியூயார்க் சபை ஒன்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்த போதகரையும் தடுக்குமா? தடுக்காது என்றது நீதிமன்றம். அந்த வாக்கியம் தீர்ப்பின் போக்கில் சொன்ன கருத்து. அதன்மேல் எந்தச் சட்டக் கடமையும் எழவில்லை. அதே 1892இல் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொடி உறுதிமொழி எழுதினார், அதில் கடவுள் இல்லை. “கடவுளின் கீழ்” என்ற சொற்களை 1954இல் காங்கிரஸ் சேர்த்தது. நாணயத்தில் இருந்த அந்த வாசகம் 1956இல் தேசிய முழக்கமாகவே ஆனது. கடவுளை மறுக்கும் சோவியத் யூனியனிலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய பனிப்போர்க் காலம் அது. இன்றைக்கு அமெரிக்கரிடம் “எங்கள் நாட்டின் அடையாளம்” என்று கேட்டால் சொல்வதில் பாதி இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பூசியது.

நம் நாட்டோடு ஒப்பிட நடுவர் கேட்பார், தயாராக இருங்கள். 17 அக்டோபர் 1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், முகப்புரை “கடவுளின் பெயரால்” என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை தாம் கடவுள் நம்பிக்கை உள்ளவராக இருந்தும், இது நம்பிக்கையில் கட்டாயமாகும் என்று எதிர்த்தார். வர்ஜீனியா பாப்டிஸ்ட் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். மதத்தைப் பரப்பும் உரிமை இன்றைய 25ஆம் பிரிவில் நிலைத்த 6 டிசம்பர் 1948 விவாதத்தில், டி.டி. கிருஷ்ணமாச்சாரி தாம் சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனத்தில் படித்ததையும், தம்மை மதம் மாற்ற முயற்சி நடக்கவில்லை என்பதையும் சொன்னார். ஏற்காட்டிலும் சேலத்திலும் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்த மற்ற மதத்துப் பிள்ளைகள் பலரும் சொல்லக்கூடியதுதான்.

ஆனால் அமெரிக்கப் பிரிவினையும் நம் மதச்சார்பின்மையும் ஒன்று என்று மட்டும் பேசிவிடாதீர்கள். கோட்டை மாரியம்மன் கோயில் நிர்வாகத்தை அறநிலையத்துறை பார்ப்பது போன்ற ஏற்பாடு முதல் திருத்தத்தின் முன் ஒரு நாள் நிற்காது. அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியருக்கு இங்கே அரசு சம்பளம் தருகிறது. அங்கே கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கு மாநிலம் கைகொடுத்ததையே 1971இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னாளில் அந்த நிலை தளர்ந்திருக்கிறது: 2002இல் பெற்றோர் கைக்குத் தரும் கல்விச் சீட்டு மதப் பள்ளிக்குப் போகலாம் என்றார்கள், 2022இல் அந்த 1971 தீர்ப்பு வகுத்த அளவுகோலையே கைவிட்டார்கள். பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு மேடை ஏறினால் இந்த இடத்தில் அடி விழும்.

கிறிஸ்தவ நாடு என்று சட்டமே சொன்னால் அது எப்படி இருக்கும் என்பதற்கு வெளியே உதாரணம் உண்டு. ஜாம்பியாவை அதன் ஜனாதிபதி பிரடெரிக் சிலூபா 1991இல் கிறிஸ்தவ நாடாக அறிவித்தார், 1996இல் அது முகப்புரையில் ஏறியது. சமோவா 2017இல் தன் சட்டத்தின் உடற்பகுதியிலேயே சேர்த்தது. இங்கிலாந்தில் அரசரே சபைத் தலைவர், 26 பிஷப்புகள் மேலவையில் உட்காருகிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இவற்றுக்கு ஈடான ஒரு வாக்கியமும் கிடையாது.

கடைசியாக மேற்கோள்கள். இந்தத் தலைப்பில் கைப்பேசியில் சுற்றும் மேற்கோள்களில் கணிசமானவை போலி. சோதிக்க எளிய வழி: யாருக்கு எழுதிய கடிதம், என்ன தேதி, அல்லது எந்த அவையில் எந்த நாள் என்று மூன்று வரிக்குள் சொல்ல முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஜெஃபர்சனின் “பிரிக்கும் சுவர்” இதில் தேறும்: டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு, 1 ஜனவரி 1802. டான்பரி கனெக்டிகட்டில் இருக்கிறது. அங்கே இன்னும் காங்கிரிகேஷனல் வரி இருந்ததால்தான் அவர்கள் அவருக்கு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் பெரிய நாடு மதவாதிகளால் அல்ல, கிறிஸ்தவர்களால், இயேசு கிறிஸ்துவின் சுவிசேஷத்தின் மேல் நிறுவப்பட்டது என்று பேட்ரிக் ஹென்றி பெயரில் உலவும் வரி தேறாது. அது 1956இல் ஓர் இதழில் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையாளரின் வாக்கியம். மேற்கோள் குறி பின்னால் ஒட்டிக்கொண்டது. ஹென்றி 1799இலேயே இறந்துவிட்டார்.